நாய் வாடையும் சாதி மூக்கும்

நாயை எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பாட்டுவது? ஒரு குளியலுக்கும் அடுத்த குளியலுக்கும் நடுவில் அது நாறாமல் இருக்க என்ன செய்வது? நாய் வளர்க்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி இது. பதில் சொல்ல ஆளும் உண்டு, கடையில் விற்க பவுடரும் தைலமும் உண்டு. தலித் இதழில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நாற்றம் என்ற ஒன்றைச் சொல்லித்தான் நம்மைக் காலங்காலமாக வெளியே நிறுத்தினார்கள். கோயிலுக்கு வெளியே, குளத்துக்கு வெளியே, டீக்கடை பெஞ்சுக்கு வெளியே. எனவே நாற்றம் என்றால் என்ன, அது எங்கிருந்து வருகிறது, அதற்கு வைத்தியம் உண்டா, அதைச் சொல்லுகிற மூக்கு யாருடையது என்று கேட்பது நமக்கு வெட்டி வேலை கிடையாது. மனித உடம்பை வைத்து இதைப் பேச ஆரம்பித்தால் இந்த நாட்டில் உடனே சாதி வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். நாயின் உடம்பை வைத்துப் பேசினால் கொஞ்ச தூரமாவது உண்மையோடு நடக்கலாம்.

1

நமக்கு வேர்ப்பது போல நாய்க்கு மேலெல்லாம் வேர்த்துக் கொட்டாது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வேர்வை என்று பார்த்தால் பாதத்தின் அடித் திண்டுகளில்தான். ஆனால் தோலில் எண்ணெய் சுரக்கும். அந்த எண்ணெய்தான் மயிரையும் தோலையும் காப்பது. தோல்மேல் குடியிருக்கும் பாக்டீரியாவும் ஈஸ்ட் என்கிற நுண்பூஞ்சையும் அந்த எண்ணெயை உண்டு பிழைக்கின்றன. நாம் 'நாய் வாடை' என்று சொல்வதில் பாதி இவற்றின் வேலை. மழையில் நனைந்த நாய் கூடுதலாக நாறுவதற்கும் காரணம் உண்டு. ஈரம் ஆவியாகக் கிளம்பும்போது வாடைப் பொருள்களையும் கூடவே கிளப்பிக்கொண்டு வருகிறது.

வாடை போகட்டும் என்று தினமும் சோப்புப் போட்டால் என்ன ஆகும்? எண்ணெய் போய்விடும். தோல் வறளும், அரிக்கும், சொறிந்து சொறிந்து புண்ணாகும், புண் நாறும். மனிதத் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் அப்படி இல்லை, நடுநிலைக்குப் பக்கத்தில் இருப்பது. அதனால் நாம் போடுகிற சோப்பும் ஷாம்பும் அதற்கு ஒத்துவராது. குளியலைக் கூட்டினால் நாற்றமும் கூடும் என்பது நாயின் உடம்பு சொல்லுகிற முதல் பாடம்.

இரண்டாவது பாடம், நாற்றத்துக்கு ஒரு இடம் உண்டு என்பது. மொத்த நாயும் நாறுகிறது என்று நாம் சொல்கிறோம். மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் அப்படி இருக்காது. காதில் வாடை அடிக்கும். தொங்கு காதுக்குள் காற்றுப் போகாமல் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்திருக்கும். வாயில் அடிக்கும். பல்லில் காரை கட்டி ஈறு வீங்கியிருக்கும். கழுத்துப் பட்டைக்கு அடியில் அடிக்கும். பின்புறத்தில் ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு பைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் கெட்ட மீன் வாடை வரும், நாய் குண்டியைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகும். நாம் அதைப் பார்த்துச் சிரிப்போம். அதற்கு அது வலி. இதையெல்லாம் கவனிக்காமல் மேலே சென்ட்டை அடித்தால், வலியை மூடி வைத்தோம் என்றுதான் அர்த்தம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தினமும் ஒரு நேரம் மயிரைச் சீவிவிட வேண்டும். உதிர்ந்த மயிரும் அழுக்கும் பொடுகும் சீப்போடு வந்துவிடும். ஈரத் துணியைப் பிழிந்து மேலும் பாதமும் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். மழையில் நனைந்து வந்தால் விரலிடுக்கு வரைக்கும் உலர்த்த வேண்டும். காதை வாரத்துக்கு ஒருமுறை மோந்து பார்க்க வேண்டும். சீழோ கெட்ட வாடையோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். படுக்கிற துணியைத் துவைத்து வெயிலில் போட வேண்டும். இடையில் அந்தத் துணிமேல் ஆப்ப சோடாவைத் தூவி, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாக உதறினால் வாடை குறையும். பினாயில் தெளிக்கக் கூடாது. பாச்சை உருண்டை நாய்க்கு விஷம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அது தோலைப் பொசுக்கிவிடும், நக்கினால் உள்ளேயும் கெடுக்கும்.

சென்ட் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வாசனையை அறியும் செல்கள் நம் மூக்கில் சுமார் 50 லட்சம் என்றால், நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல் என்கிறார்கள். நமக்கு ரோஜாவாக மணப்பது அதற்கு மூக்கைப் பிளக்கிற நெடியாக இருக்கலாம். குளிப்பாட்டி விட்டதும் நாய் ஓடிப்போய் மண்ணில் புரள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். நாம் ஏற்றிய வாடையை இறக்கி வைப்பதும் அவற்றில் ஒன்று. அப்படியானால் வாசனை யாருக்காக? நாய்க்காகவா, நம் மூக்குக்காகவா? நாய் வளர்ப்பில் இருக்கிற முதல் அறக் கேள்வி இதுதான். துடைப்பதும் உலர்த்துவதும் காதைப் பார்ப்பதும் நாய்க்காகச் செய்வது. சென்ட் அடிப்பது நமக்காகச் செய்வது. இரண்டையும் 'சுத்தம்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம்.

2

எங்க அம்மாச்சி விருதுநகர்ப் பக்கம் கரிசல் காட்டில் கூலி வேலை பார்த்தது. அது வீட்டில் எப்போதும் ஒரு நாய் இருக்கும். செவலை என்று ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் குடிசைக்குள் அது வந்து படுத்தால் நாங்கள் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நாறுது, வெளிய பத்து" என்போம். அம்மாச்சி சொல்லும்: "நாய் எங்கடா நாறுது? அது படுத்த சாக்குல்ல நாறுது. சாக்கத் தொவச்சு வெயில்ல போடு, எல்லாம் சரியாப் போகும்." மறுநாள் சாக்கு வேலியில் காயும். செவலை அதே செவலைதான். வாடை போயிருக்கும்.

எம்.ஏ. படித்து, தத்துவம் கித்துவம் என்று எவ்வளவோ வாசித்த பிறகும், நாற்றத்தைப் பற்றி இதைவிடச் சரியான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. நாய் நாறவில்லை, சாக்குதான் நாறுகிறது. சாக்கை அங்கே போட்டது யார்?

சேரிக்குள் நுழைந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைக்கிற அதிகாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் இறங்குகிறது? செத்த மாட்டை எந்தப் பக்கம் இழுத்துப் போனார்கள்? பல ஊர்களில் குப்பைமேடு எதற்கு அடுத்து இருக்கிறது? ஊரின் கழிவையெல்லாம் ஒரு திசையில் தள்ளிவிட்டு, அந்தத் திசையில் இருக்கிறவர்களுக்கு நாற்றம் பிறவிக்குணம் என்று எழுதி வைத்தார்கள். மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் குழிக்குள் இறங்கியவர்கள் செத்தார்கள். கழிவுநீர்க் குழியில் சாகிறவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குழியில் இறங்குகிற வேலையை ஒரே வரிசைச் சாதிகளின் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வந்தவனைப் பார்த்து 'நாறுகிறான்' என்கிறது சமூகம். அது அவன் வாடை இல்லை. ஊரின் வாடை. 1892இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒதுக்கிய பஞ்சமி நிலம் நம் கையில் நின்றிருந்தால், எத்தனை குடும்பம் இந்தச் சாக்கைவிட்டு எழுந்து போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

3

நாய் வாடைக்குக் காரணம் உண்டு, இடம் உண்டு, வைத்தியம் உண்டு என்றேன். காரணமும் இடமும் வைத்தியமும் இல்லாத ஒரு வாடையும் இருக்கிறது. அதை நான் ஒரு வாடகை வீட்டில் தெரிந்துகொண்டேன்.

ஒரு சிறிய நகரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். எங்களோடு ஒரு நாட்டு நாய். வீட்டுக்காரரும் கீழே ஒரு பாமரேனியன் வளர்த்தார். முதல் மூன்று மாதம் எங்கள் நாய்க்கு அவரே மீந்த சோறு போட்டார், தலையைத் தடவினார், "நல்ல காவல் நாய் சார்" என்றார். ஒருநாள் தண்ணீர் மோட்டார் விஷயமாக மேலே வந்தவர், சுவரில் மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அடுத்த வாரம், "நாய் வாடை தாங்கல சார், வீட்ல சாப்பிட முடியல" என்று ஆரம்பித்தார். அதே நாய். அதே வாரக் குளியல். அதே சீப்பு. நான் சாக்கை மாற்றினேன், மாடியைக் கழுவினேன். வாடை போகவில்லை, போகவும் போகாது. இரண்டு மாதத்தில் காலி செய்தோம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மனிதர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் மூக்கில் உண்மையிலேயே வாடை அடித்திருக்கும். சாதி அப்படித்தான் வேலை செய்கிறது. அது வெறும் கருத்தாக மூளையில் மட்டும் உட்கார்ந்திருந்தால் விவாதித்து வெல்லலாம். அது தோலுக்குள்ளும் நாக்குக்குள்ளும் மூக்குக்குள்ளும் இறங்கியிருக்கிறது. முதலில் சாதி தெரிகிறது, பிறகு வாடை வருகிறது. ஆனால் அவர் நம்புவது நேர்மாறாக. வாடை வந்ததால் விலகினேன் என்று அவர் மனசாரச் சொல்வார்.

இரண்டு நாற்றத்தையும் பிரித்துக் காட்டுகிற பரிசோதனை ஒன்றுதான். கழுவினால் போகிறதா? போனால் அது உடம்பின் வாடை. எவ்வளவு கழுவினாலும் போகவில்லை என்றால் அது மூக்கின் நோய். முதலாவதற்குச் சோப்பு வேண்டும். இரண்டாவதற்குச் சோப்பால் ஒரு பயனும் கிடையாது.

4

தமிழ் படித்தவன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தமிழில் 'நாற்றம்' என்றால் மணம்தான். பூவுக்கு நாற்றம் உண்டு, சந்தனத்துக்கு நாற்றம் உண்டு. ஐம்புலன்களை வரிசையாகச் சொல்லும்போது வள்ளுவரும் அந்தச் சொல்லைத்தான் வைக்கிறார். நல்லதா கெட்டதா என்று பிரிக்காமல், மூக்கு அறிவது எல்லாமே நாற்றம். தொல்காப்பியம் உயிர்களை அறிவை வைத்து வகைப்படுத்தும்போது, தொடுவதற்கும் சுவைப்பதற்கும் அடுத்து மூக்கால் அறிவதை மூன்றாவது அறிவாகச் சொல்கிறது. ஆக மோப்பம் ஒரு அறிவு. அதுவே பிறகு தீர்ப்பாக மாறிவிட்டது. இன்றைக்கு நாற்றம் என்று சொன்னாலே கெட்டது. வாசனை என்ற வடசொல் மணத்தை எடுத்துக்கொண்டது, நம் சொல்லுக்கு மிஞ்சியது அழுகல். ஒரு சொல் இப்படிக் கீழே இறங்கிய வழியைப் பார்க்கும்போது சில மனிதர்கள் இறக்கப்பட்ட வழியும் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்த மூன்றாவது அறிவு இன்னும் அறிவாகவே இருக்கிற இடம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். எங்க சித்தி சென்னையில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தது. நாயைக் குளிப்பாட்டுவது, சீவுவது, நடத்திக்கொண்டு போவது அதன் வேலை. நாய் சோபாவில் படுக்கும். சித்திக்குக் காபி தனி டம்ளரில், பின்வாசலில். சித்தி ஒருநாள், "அம்மா, இதுக்குக் காதுக்குள்ள ஏதோ இருக்கு, புளிச்ச வாடை வருது" என்று சொல்லியிருக்கிறது. அந்த அம்மா, "குளிப்பாட்டுறது சரியில்ல, நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டு" என்று சொல்லி, நாய்க்கென்றே வாங்கி வைத்திருந்த சென்ட்டை எடுத்து அடித்திருக்கிறது. பத்து நாள் கழித்து நாய் தலையைச் சாய்த்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தது. மருத்துவர் பார்த்துவிட்டுக் காதில் சீழ் என்றார். ஊசி போட்டுச் சரியானது. வீட்டில் எல்லோரும் மருத்துவரைப் புகழ்ந்தார்கள்.

சித்தி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. "பாவம், வாயில்லாச் சீவன், பத்து நாளு வலியோட கெடந்துச்சு" என்றுதான் சொன்னது. டம்ளரைப் பற்றிக் கேட்டதற்கு, "அது கெடக்கு" என்றது. எனக்கு அது கிடந்துவிடவில்லை. அந்த வீட்டில் நாயின் வாடையை ஒரு செய்தியாகக் கேட்ட மூக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த மூக்கு பின்வாசலில் நின்றது. முன்ஹாலில் இருந்த மூக்குகளுக்கு வாடை ஒரு தொந்தரவு, மூட வேண்டிய ஒன்று. நாற்றத்தோடு வேலை செய்கிறவர்களுக்குத்தான் நாற்றத்தைப் படிக்கத் தெரியும். தோல் பதனிடுகிறவருக்கும் மருத்துவச்சிக்கும் மாடு மேய்க்கிறவருக்கும் தெரிந்த அந்த அறிவுக்கு இந்த நாட்டில் படிப்பு என்று பெயர் கிடைக்கவில்லை.

5

நாயையும் சண்டாளரையும் ஒரே இடத்தில் வைத்தது மனு. அவர்கள் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து என்று பத்தாம் அத்தியாயத்தில் விதிக்கிறார். ஊர் எல்லைக்கு வெளியே நாமும் நாயும் சேர்ந்தே நின்றோம். நின்ற பிறகு நடந்ததைப் புராணங்களில் பார்க்கலாம்.

மகாபாரதக் கடைசியில் தருமனோடு ஒரு நாய் மலையேறிப் போகிறது. சொர்க்க வாசலில் இந்திரன் தடுக்கிறான். நாய்க்கு இங்கே இடம் கிடையாது, நாயின் பார்வை பட்டாலே வேள்விப் பலன் கெடும் என்கிறான். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று தருமன் நிற்கிறான். நல்ல இடம் அது. அங்கேயே கதையை முடித்திருக்கலாம். ஆனால் உடனே நாய் மறைந்து தர்ம தேவதை நிற்கிறது. நாய், நாயாகவே உள்ளே போனதா என்றால், இல்லை. சங்கரர் கதையிலும் இதேதான். காசித் தெருவில் நான்கு நாய்களோடு ஒரு சண்டாளர் எதிரே வருகிறார். விலகிப் போ என்கிறார்கள். விலக வேண்டியது உடம்பா ஆன்மாவா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். சங்கரர் வணங்குகிறார். பிறகு தெரிகிறது, வந்தவர் சிவன், நாய்கள் நான்கு வேதம். சண்டாளர் சண்டாளராகவே கேட்டிருந்தால், நாய் நாயாகவே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்குப் பதில் நந்தன் கதையில் இருக்கிறது. நந்தன் வேஷம் கலைத்துக் கடவுளாக மாறவில்லை. அதனால் அவரைத் தீயில் முழுகி வரச் சொன்னார்கள். சேக்கிழார் அதை அருள் என்று பாடினார். நான் அதைக் குளியல் என்று வாசிக்கிறேன். தண்ணீரால் போகாது என்று முடிவு கட்டிய அழுக்குக்கு நெருப்பால் ஒரு குளியல்.

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரத்தின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். அந்தக் குளத்தைத் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்துவிட்டதாக அந்த நகராட்சி 1924லேயே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் குடிக்க முடியவில்லை. ஆடுமாடு குடிக்கும், நாயும் குடிக்கும், மனிதரில் ஒரு பகுதி மட்டும் குடிக்கக் கூடாது. அவர்கள் குடித்த பிறகு சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? 108 பானையில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து குளத்தில் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். யோசித்துப் பாருங்கள், குளத்துக்கே குளியல்! எத்தனையோ நாள் எத்தனையோ நாய்கள் அதில் வாய் வைத்திருக்கும். அப்போதெல்லாம் ஒரு பானைகூடக் கவிழ்க்கப்படவில்லை. அந்த வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிய 1937 ஆனது.

நம் மேடைகளில், "எங்களை நாயைவிடக் கேவலமாக நடத்துகிறார்கள்" என்று பேசுகிறோம். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாயைக் கேவலமாக நடத்துவது சரி, நம்மை அதற்குக் கீழே வைத்ததுதான் தப்பு என்பது போல அது சிலசமயம் கேட்கிறது. அம்பேத்கர் நாயை உதாரணம் காட்டியபோது அதில் வேறொரு கூர்மை இருந்தது. அழுக்கான ஒன்றைத் தொட முடியாத உடம்பு சாதி இந்துவுக்கு இல்லை, அவனால் தொட முடியும் என்பதற்கு நாயே சாட்சி. மலத்தில் வாய் வைத்துவிட்டு வந்த நாய் முகத்தை நக்கினால் சிரிக்கத் தெரிகிற மனிதனுக்கு, குளித்துவிட்டு வந்த மனிதன் பக்கத்தில் உட்கார்ந்தால் அருவருக்கிறது. அருவருப்பு இயற்கை என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி வழியை அடைத்து நிற்பது நாய்தான். அதை நாம் திட்டக் கூடாது. நம் பக்கத்துச் சாட்சியை நாமே கேவலப்படுத்துவதா?

6

ஆனால் எல்லா நாயும் சோபாவில் ஏறவில்லை. நாய்க்குள்ளும் இந்த நாடு சாதி வைத்தது. பறையர் என்ற நம் பெயரைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. ஒதுக்கப்பட்ட எவனுக்கும் அதுவே பொதுப்பெயர் ஆனது. பிறகு இந்தியத் தெருவில் திரிகிற, சொந்தக்காரன் இல்லாத, கலப்பற்ற நாட்டு நாய்க்கு 'பரையா டாக்' என்று பெயர் வைத்தார்கள். நாய் நூல்களில் இன்றைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. நம் பெயரை நாய்க்கு வைத்ததால் நமக்கு அவமானமா, நாய்க்கு அவமானமா என்று கேட்டால், இரண்டும் இல்லை. வைத்தவன் புத்திக்குத்தான் அவமானம். இன்னொரு பக்கம், ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலை வெளியிட்டார்கள். ஜமீன் நாய்க்குத் தபால்தலை, சேரி நாய்க்கு இழிபெயர்.

'சொறிநாய்' என்று திட்டுகிறார்கள். சொறிநாய் என்று ஒரு இனம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பூச்சி தோலுக்குள் புகுந்து மயிர் கொட்டி நாறுவதுதான் சொறி. மருந்து போட்டால் குணமாகும், மயிர் முளைக்கும். பராமரிப்பு கிடைக்காததால் வந்த நோயைப் பிறப்பாக்கிப் பெயர் சூட்டுவது நமக்குப் புதிதா என்ன?

தென் மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று தடை இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. காரணம் சொல்லத் தேவையில்லை. நம் தெரு ஆண் நாய் அவர்கள் தெருப் பெண் நாயோடு சேர்ந்துவிடும் என்ற பயம். இங்கே வாடை கீடை என்று எந்தச் சாக்கும் சொல்லப்படவில்லை. நாயை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் அது சேரி நாய். 2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொன்றபோது தியேட்டரில் நம் ஆட்கள் அழுதது ஒரு நாய்க்காக மட்டுமில்லை. வளர்த்தவனின் சாதி நாய்மேல் ஏறுகிறது, நாயைக் கொன்றால் வளர்த்தவன்மேல் அது இறங்குகிறது என்பது அவர்களுக்குப் படம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

7

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்லித்தான் இதை முடிக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரை உண்மையில் அவர்களுக்காக எழுதப்பட்டது. விடுதிகளில் நம் பிள்ளைகள் தங்கியிருக்கிற அறைகளுக்குப் போகும்போது ஜன்னல் திண்டில் வரிசையாக பாடி ஸ்பிரே, பவுடர் டப்பா, வாசனைச் சோப்பு இருப்பதைப் பார்க்கிறேன். வாலிபப் பிள்ளைகள் அலங்கரித்துக்கொள்வதில் ஒரு குற்றமும் கிடையாது. நம் தாத்தன்களுக்கு மேல்சட்டை போடவே உரிமை மறுக்கப்பட்ட ஊர்கள் உண்டு. அந்த ஊர்ப் பேரன் வாசனையாக நடந்து போவது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "அண்ணே, கிளாஸுக்குப் போறதுக்கு முன்னாடி மூணு தடவ அடிச்சுக்குவேன். பக்கத்துல இருக்கிறவன் எதாச்சும் சொல்லிருவானோன்னு ஒரு இதுதான்." காலையும் மாலையும் குளிக்கிற பையன் அவன். அவன் தன்மேல் அடித்துக்கொண்டது சென்ட் இல்லை, பயம்.

அந்தப் பையனிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். தம்பி, உன் உடம்புக்காகக் குளி. தோலுக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது. பிடித்தால் சென்ட் போடு, உனக்குப் பிடித்த மணமாகப் போடு. பக்கத்தில் இருக்கிறவன் மூக்குக்காகப் போடாதே. அவன் மூக்கு நுகர்வது உன் உடம்பை இல்லை, உன் விண்ணப்பத்தில் இருக்கிற சாதிக் கட்டத்தை. அதை எந்த ஸ்பிரேயாலும் நிறைவு செய்ய முடியாது. இரண்டு குளியலுக்கு நடுவில் நாயை எப்படி வாசமாக வைப்பது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது, மேலே எழுதியிருக்கிறேன். நமக்கு 'நடுவில்' என்ற ஒன்றையே சாதி விட்டு வைக்கவில்லை. குளித்து முடித்த அந்த நிமிடத்திலும் நாறுகிறோம் என்கிறது. அப்படிச் சொல்கிறவனோடு சுத்தத்தைப் பற்றி வாதாடுவது வீண். அவனிடம் சட்டத்தைப் பேசு, இட ஒதுக்கீட்டைப் பேசு, சாக்கடைக்குள் நாளைக்கு யார் இறங்குவது என்று கேள்.

'வெட்கங்கெட்ட நாய்' என்று ஒரு வசவு இருக்கிறது. நாய்க்கு வெட்கம் இல்லை என்பது உண்மைதான். மழையில் ஊறி வந்து நம் நடுவில் நின்றுகொண்டு உதறும். அத்தனை பேர் மேலும் தெறிக்கும். தன் வாடைக்காக அது ஒருபோதும் தலை குனிந்ததில்லை. அதன் உடம்பைப் பார்த்து அதுவே வெட்கப்பட வேண்டும் என்று எந்தச் சாத்திரத்தாலும் அதற்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அந்தப் பாடத்தை மறப்பதற்கு ஒரு தலைமுறை ஆகலாம், இரண்டு தலைமுறையும் ஆகலாம். அதுவரைக்கும் நாயைத் துடைத்துவிடுவோம், காதைப் பார்ப்போம், சாக்கை வெயிலில் போடுவோம். சாக்கைப் போட்டவனை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்போம்.